வாள்களை மாட்டிவிட்டுப் படுத்த வீரன்

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில், ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட்டான நம் குடியிருப்புவாசி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரிதாக மாற்றாமல் தருகிறோம்.)



மூட்டுவலியைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் நம் செயலாளர் என்னை அழைத்தார். 31 வருடம் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட்டாக இருந்தவள் வேறு எதைப் பேசிவிடப் போகிறாள் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. "ஒரு டாரட் அட்டையைப் பற்றிப் பேசுகிறேன்" என்று நான் சொன்னதும் கொஞ்சம் ஆடிப்போய்விட்டார். "மேடம், கூட்டத்தில் யாருக்காவது பலன் சொல்லப் போகிறீர்களா?" என்று கேட்டார். இல்லை சார். முன்வரிசையில் இருப்பவர்கள் தைரியமாக உட்காரலாம். எனக்கு ஜோசியம் தெரியாது, அதில் நம்பிக்கையும் கிடையாது. நம்புகிறவர்களோடு சண்டையும் கிடையாது.

டாரட் என்றால் நம் ஊர் கிளி ஜோசியம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கிளி எடுத்துக்கொடுக்கும் அட்டையில் முருகனோ மகாலட்சுமியோ இருப்பார்கள். இங்கே கிளி இல்லை, மனிதரே எடுக்கிறார். மொத்தம் 78 படங்கள். ராஜா, ராணி, நிலா, சூரியன், எரிகிற கோபுரம் என்று பலதும் இருக்கும். ஆனால் இது ஜோசியத்துக்காக உண்டான சமாச்சாரமே இல்லை. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பெரிய மனிதர்கள் வீட்டில் ஆடிய சீட்டாட்டம். மிலானை ஆண்ட விஸ்கொன்தி, ஸ்ஃபோர்ஸா குடும்பங்களுக்காகக் கையால் வரைந்து தங்கத்தகடு பதித்த சீட்டுகள் இன்றைக்கும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. சனிக்கிழமை சனிக்கிழமை கிளப் ஹவுஸில் ரம்மி ஆடும் அணி இங்கே வந்திருக்கிறது. உங்களுக்காக ஒரு தகவல்: நீங்கள் 'இஸ்பேட்' என்கிறீர்களே, அந்தப் பெயரே இத்தாலிய மொழியில் வாளைக் குறிக்கும் 'ஸ்பாதா' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். அங்கே வாள் சீட்டு, இங்கிலீஷ்காரர்களிடம் ஸ்பேட், நம்மிடம் இஸ்பேட்.

இது வருங்காலம் சொல்லும் அட்டையாக மாறியது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், பிரான்ஸில். 1781இல் கூர் த ஜெபெலின் என்ற அறிஞர், இந்தச் சீட்டுகளில் பழைய எகிப்தின் ரகசிய ஞானம் ஒளிந்திருக்கிறது என்று எழுதினார். அப்போது எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவரும் இல்லை. அதனால் மறுத்துப் பேசவும் ஆள் இல்லை! அது போகட்டும். எனக்கு வேண்டியது 1909ஆம் வருடமும் ஒரு பெண்மணியும்.

பமேலா கோல்மன் ஸ்மித். 1878இல் லண்டனில் பிறந்தவர். சின்ன வயதில் ஒரு பகுதி ஜமைக்காவில் கழிந்தது, ஓவியம் படித்தது அமெரிக்காவில், புரூக்ளினில். ஜமைக்காக் கதைகளை அவரே சொல்லி, படமும் போட்டுப் புத்தகமாக்கினார். நாடகக் குழுவோடு சுற்றினார். அந்தக் காலத்துப் பெரிய நடிகை எலன் டெர்ரி அவருக்கு 'பிக்ஸி' என்று செல்லப்பெயர் வைத்தார். ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்ற எழுத்தாளர் புதிதாக ஒரு டாரட் கட்டு வேண்டும் என்று கேட்டு, பமேலா வரைந்து, 1909 டிசம்பரில் லண்டனில் ரைடர் பதிப்பகம் அதை வெளியிட்டது. இன்றைக்கு உலகம் முழுக்க நீங்கள் பார்க்கும் டாரட் அட்டைகளில் பெரும்பாலானவை அந்தப் படங்கள், இல்லாவிட்டால் அவற்றைப் பார்த்துப் போட்டவை.

அவருக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? நியூயார்க்கில் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்த புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸுக்கு அந்த வருடமே அவர் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பெரிய வேலை ஒன்றை மிகச் சொற்பப் பணத்துக்கு முடித்திருக்கிறேன் என்கிறார். 1951இல் கார்ன்வால் பகுதியில் ஒரு கடலோர ஊரில் இறந்தபோது கடன் இருந்தது, அதை அடைக்க வீட்டுச் சாமான்கள் விற்கப்பட்டன. அட்டைகளுக்கு ரொம்ப காலம் பதிப்பகத்தின் பெயரும் வெயிட்டின் பெயரும்தான் இருந்தன. ஸ்மித் என்ற பெயரையும் சேர்த்துச் சொல்வது பின்னால் வந்த வழக்கம். உழைத்தவர் பெயர் கடைசியில் வருவது இந்த ஒரு துறையில் மட்டும் நடப்பதில்லை, விடுங்கள்.

பமேலா செய்த புதுமை என்னவென்றால், அதற்கு முன்னால் பெரும்பாலான கட்டுகளில் எண் சீட்டுகளுக்குப் படம் என்று எதுவும் கிடையாது. நாலு வாள் என்றால் நாலு வாள் வரைந்திருக்கும், நம் சீட்டில் நாலு இஸ்பேட் இருக்கிற மாதிரி. முன்னோடியாக ஓரிரு பழைய கட்டுகள் உண்டு, அவ்வளவுதான். பமேலா ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு காட்சி கொடுத்தார். நான் காட்டப் போகிற அட்டை அந்த 'நாலு வாள்'தான். திரையில் போடுங்கள் தம்பி. பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிகிறதா? விளக்கை அணைத்துவிடலாம்.

ஒரு தேவாலயத்தின் உள்ளே. கல் சவப்பெட்டி. அதன் மேல் கவசம் போட்ட ஒரு வீரன் மல்லாந்து படுத்திருக்கிறான். இரண்டு கையும் மார்புக்கு மேலே கூப்பியிருக்கின்றன. கண் மூடியிருக்கிறது. ஆளும் பெட்டியும் ஒரே மஞ்சள் நிறம். இங்கிலாந்துப் பழைய தேவாலயங்களில் இப்படி நிறையக் கற்சிலைகள் உண்டு. லண்டன் டெம்பிள் சர்ச்சுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், 800 வருடத்துக்கு முந்தைய வீரர்கள் தரையில் வரிசையாகப் படுத்திருப்பார்கள்.

சுவரைப் பாருங்கள். மூன்று வாள்கள் மாட்டியிருக்கின்றன. மூன்றின் முனையும் கீழ்நோக்கி, அவன் மேலேயே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. நாலாவது வாள் எங்கே? அவனுக்குக் கீழே, பெட்டியின் பக்கவாட்டில், அவன் உடம்பு போலவே படுக்கையாக. இடது மூலையில் ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல். படம் முழுக்க மங்கலாக இருக்க, அந்த ஜன்னல் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. ஒருவர் நிற்கிறார், அவர் முன்னால் ஒருவர் மண்டியிட்டிருக்கிறார். நிற்பவரின் ஒளிவட்டத்தை உற்றுப் பார்த்தால் 'பாக்ஸ்' என்று லத்தீனில் எழுதியிருக்கும். அமைதி என்று அர்த்தம்.

முதல் தடவை பார்க்கிற யாரும் "ஐயோ, செத்துப்போனானா?" என்றுதான் கேட்பார்கள். ஏ பிளாக் அம்மா ஒருவர் இப்போதே வாயைப் பொத்திக்கொண்டார்! வெயிட் தன் புத்தகத்தில் இந்த அட்டைக்குச் சொல்லும் பொருள்களில் விழிப்பு, ஒதுங்கியிருத்தல், தனிமை, துறவியின் ஓய்வு என்று வரிசையாக வருகின்றன. சவப்பெட்டியும் கல்லறையும் அதில் உண்டு. ஆனால் இந்த அட்டை வந்தால் பொதுவாகச் சொல்வது, "போ, கொஞ்சம் படு" என்பதுதான்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த மூன்று வாள்கள். அவை எங்கேயும் போய்விடவில்லை. பிரச்சினை தீர்ந்து, வாளெல்லாம் உடைந்து, எதிரி எல்லாம் ஓடிப்போன பிறகு அவன் படுத்திருந்தால் அது வேறு படம். இவன் தலைக்கு மேலே மூன்று கவலைகள் தொங்கும்போதே கண்ணை மூடியிருக்கிறான். நம்மில் எத்தனை பேருக்கு அது வருகிறது? "பொண்ணு கல்யாணம் முடியட்டும்", "லோன் முடியட்டும்", "பேரன் ஸ்கூல்ல சேரட்டும், அப்புறம் ஓய்வெடுக்கிறேன்." ஒரு வாளை இறக்கினால் இன்னொன்று ஏறிவிடும். அது சுவரின் குணம்.

இன்னொன்றும் உண்டு. கட்டில் இதற்கு முந்தைய அட்டை 'மூன்று வாள்'. ஒரு இதயம், அதில் மூன்று வாள் குத்தியிருக்கும், பின்னால் மழை. அடுத்த அட்டை 'ஐந்து வாள்'. சண்டையில் ஜெயித்தவன் வாள்களைப் பொறுக்குகிறான், தோற்ற இருவர் தலை குனிந்து போகிறார்கள். அடிபட்டதற்கும் அடுத்த சண்டைக்கும் நடுவில் இவன் படுக்கிறான். எண் வரிசை இவனோடு நிற்பதில்லை. எழுந்து போக வேண்டியிருக்கிறது, அதனால்தான் ஒரு வாள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

சரி, இப்போது என் துறைக்கு வருகிறேன்.

என்னிடம் வந்தவர்கள் முதல் நாள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே ஒன்று. "மேடம், எத்தனை நாள் ஆகும்?" மணிக்கட்டு முறிந்தால் கட்டு ஏறத்தாழ 6 வாரம். முழங்காலுக்குக் கீழே இருக்கும் பெரிய எலும்பு என்றால் 3, 4 மாதம், சிலருக்கு அதற்கு மேலும். தோள்பட்டை இறுகிப்போகும் ஃப்ரோஸன் ஷோல்டர் என்றால் ஒரு வருடம் முதல் மூன்று வருடம் வரை போகலாம். அந்த எண்ணைக் கேட்டதும் முகம் வாடும். "சீக்கிரம் ஆக ஏதாவது வழி இருக்கா?" அது அடுத்த கேள்வி.

எலும்பு எப்படிச் சேர்கிறது என்று சொல்கிறேன். முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறையும். அதன் மேல் மெதுவாக இளசான ஒரு பாலம் உண்டாகும், குருத்தெலும்பு மாதிரி. அது பல வாரம் கழித்துத்தான் கெட்டியான எலும்பாகும். அதற்கப்புறமும் மாதக்கணக்கில் உடம்பு அதைச் செதுக்கிச் சரிசெய்துகொண்டே இருக்கும். இளசாக இருக்கும்போது ஆட்டினால் பாலம் விட்டுப்போகும். அதிரச மாவு கிளறுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கிளறின சூட்டோடு எண்ணெயில் போட்டால் பிரிந்து போய்விடும். ஒரு நாள், இரண்டு நாள் மூடி வைக்க வேண்டும். உள்ளே வேலை நடக்கிறது, வெளியே பாத்திரம் சும்மா இருக்கிறது.

உடற்பயிற்சியும் இதே கதைதான். ஜிம்மில் எடை தூக்கும்போது தசை வளர்வதில்லை. அப்போது அது களைக்கிறது, நுண்ணிய அளவில் சேதமும் ஆகிறது. வளர்வது பிறகு, சாப்பிட்டுத் தூங்கும்போது. நம் ஜிம்மில் காலையும் மாலையும் வரும் இரண்டு தம்பிகளும் இதைக் கவனிக்கவும்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு என் பெயரைச் சொல்லிப் பாதிப் பேர் கட்டிலை விட்டு இறங்க மாட்டீர்கள். ஓய்வு என்றால் படுத்தே கிடப்பது இல்லை. முதுகுவலிக்கு வாரக்கணக்கில் படுக்கச் சொன்ன காலம் போய்விட்டது. சாதாரண முதுகுவலிக்கு முடிந்த அளவு நடமாடுங்கள் என்றுதான் இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள். மூட்டு மாற்று அறுவை செய்தவர்களை அன்றைக்கோ மறுநாளோ எழுப்பி நிற்க வைத்துவிடுகிறோம். எந்தப் பாகத்துக்கு, எத்தனை நாள், எவ்வளவு என்பது கணக்கு. அந்தக் கணக்கோடு ஒத்துப்போவதைத்தான் நான் பொறுமை என்பேன். இதே கட்டில் 'ஏழு நாணயம்' என்று ஓர் அட்டை இருக்கிறது. ஒருவன் மண்வெட்டிக் கம்பில் சாய்ந்துகொண்டு, தான் வளர்த்த செடியையே பார்த்துக்கொண்டு நிற்பான். பறிக்கவும் இல்லை, போய்விடவும் இல்லை. அழகான அட்டை. ஆனால் இன்றைக்கு நேரமில்லை.

ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். பல வருடம் முன்னால். நாற்பது வயதுக்குமேல் இருக்கும், வலது மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டு அனுப்பினோம். இரண்டு வாரத்தில் கட்டு தளர்ந்து, விரலெல்லாம் வீங்கி வந்து நின்றார். கட்டின் மேல் மாவு ஒட்டியிருந்தது. "என்னம்மா இது?" என்றேன். அவர் கோபப்படவில்லை, அழவும் இல்லை. மருந்துச் சீட்டை எடுத்துக் காட்டினார். "இதுல கால்சியம் மாத்திரை எழுதியிருக்கீங்க, வாங்கிட்டேன். வலி மாத்திரை எழுதியிருக்கீங்க, அதுவும் வாங்கிட்டேன். கீழ 'ஓய்வு'ன்னு எழுதியிருக்கீங்களே மேடம், அதை எந்தக் கடையில வாங்கறது?"

படுக்கையில் மாமனார், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், இரவு ஷிப்ட் போகும் கணவர். அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் சப்பாத்திக் கட்டையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அப்புறம் என்ன நடந்தது என்றால், அவர் குடியிருந்த தெருவில் மூன்று பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டிலிருந்து காலைச் சாப்பாடு, ஒரு வீட்டிலிருந்து ராத்திரிக்கு, இன்னொருவர் மாமனாருக்கு உடம்பு துடைக்க உதவ. நாலு வாரம். கை சேர்ந்தது. லேசான கோணலோடுதான் சேர்ந்தது, ஆனால் வேலைக்கு உதவுகிற கையாகச் சேர்ந்தது.

அந்த அம்மாவை நினைத்துக்கொண்டு இந்த அட்டையைத் திரும்பப் பாருங்கள். வீரன் படுத்திருக்கிறான். கவசத்தோடு, கண்ணை மூடி, கையைக் கூப்பி. கத்தி எடுக்கத் தோதான நிலையே இல்லை. கதவு யாரோ சாத்தியிருக்கிறார்கள். வாளை யாரோ வாங்கி மாட்டியிருக்கிறார்கள். படத்தில் அந்த ஆட்கள் இல்லை, அவ்வளவுதான். அவர்கள் இல்லாமல் இந்த ஓய்வு நடக்காது. ஓய்வெடுப்பது அவரவர் மனதைப் பொறுத்தது என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவர்களைப் பொறுத்தது.

இதை வைத்துக்கொண்டு நம் குடியிருப்புக்கு வருகிறேன். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பத்து நிமிடம் கொடுங்கள்.

நாலு மாதம் முன்னால் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். விடியற்காலை நாலே கால் மணி, இரண்டாவது கேட், நம் செக்யூரிட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் தலை சாய்ந்து தூங்குகிறார். வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. அதற்குக் கீழே 60, 70 பதிவுகள். "இதுக்குத்தான் மெயின்டனன்ஸ் கட்டறோமா?" என்று ஆரம்பித்து எங்கெங்கோ போனது. மறுநாள் இரண்டு கேட்டிலும் நாற்காலியை எடுத்துவிட்டார்கள்.

போட்டோ போட்டவர் மேல் எனக்கு வருத்தமில்லை. காவலுக்கு என்று வைத்த ஆள் தூங்கினால் பயம் வரத்தான் செய்யும். தனியாக இருக்கும் பெரியவர்கள் வீடு நிறைய இருக்கிற குடியிருப்பு இது. ஆனால் நான் காலை ஐந்து மணிக்கு நடக்கிறவள், அவரிடம் இரண்டு வார்த்தை பேசாமல் கேட்டைத் தாண்டுவதில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அவருடைய ஷிப்ட் இரவு எட்டு முதல் காலை எட்டு, 12 மணி நேரம். போட்டோ எடுத்த அன்று அவருக்கு முந்தைய ஷிப்ட் ஆள் வரவில்லை. காலை எட்டுக்கு வந்தவர் அப்படியே இரவையும் சேர்த்துப் பார்த்தார். போட்டோ எடுத்த நேரத்தில் அவர் வேலைக்கு வந்து 20 மணி நேரம் ஆகியிருந்தது.

இதே மாதிரி தலை சாய்த்துக் கண்மூடிய ஒரு மனிதரைத்தான் இப்போது பத்து நிமிடமாகத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவனைப் பார்த்து "டூட்டியில தூங்கறான்" என்று யாரும் சொல்லவில்லை.

நாற்காலி போனதிலிருந்து அவர் நிற்கிறார். சில நேரம் காம்பவுண்ட் சுவர் விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்காருகிறார், வண்டி வெளிச்சம் வந்தால் எழுந்துவிடுகிறார். இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது, நான் பார்த்தேன். நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர்களுக்குக் கால் வீக்கம், நரம்புச் சுருட்டு, இடுப்புவலி வருவது நாங்கள் தினம் பார்த்த விஷயம். ஜவுளிக்கடைப் பெண்களும் பையன்களும் எத்தனை பேர் வருவார்கள்! அவர்களுக்காகத்தான் 2021இல் தமிழ்நாடு சட்டப்பேரவை கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று கொண்டுவந்தது. அதற்கு முன்னால் 2018இல் கேரளா செய்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆச்சரியமாக இருக்கிறது. நம் கேட்டுக்குச் சட்டம் தேவையில்லை. நம் கமிட்டியே போதும்.

"இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள்" என்று அந்த வாட்ஸ்அப் விவாதத்தில் ஒருவர் எழுதியிருந்தார். நாற்காலி கொடுத்தால் நாளைக்குக் கட்டில் கேட்பார்கள் என்றும் ஒருவர். கட்டிலும் கொடுக்கலாம் என்பதுதான் என் கருத்து. காரணம் சொல்கிறேன், இரக்கத்தை ஓரமாக வைத்துவிட்டே சொல்கிறேன்.

விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து வரை மனித உடம்பு விழிப்பில் ரொம்பத் தாழ்ந்திருக்கும் நேரம். நல்லவனோ கெட்டவனோ, எல்லார் உடம்பும் அப்படித்தான். நீண்டதூர விமானம் ஓட்டும் விமானிகளுக்கும் அப்படித்தான். நாசா அவர்களிடம் ஓர் ஆய்வு செய்து 1994இல் வெளியிட்டது. பயணத்தின் நடுவே முறை வைத்து 40 நிமிடம் கண்மூட அனுமதித்தார்கள். சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். அப்படித் தூங்கியவர்கள், தூங்க விடாதவர்களைவிட விமானம் இறங்கும் நேரத்தில் அதிக விழிப்போடு இருந்தார்கள். இன்றைக்கு உலகின் பல விமான நிறுவனங்களில் இது விதிமுறையாகவே இருக்கிறது. ஒரு விமானி கண்மூடினால் மற்றவர் கட்டாயம் விழித்திருப்பார். 300 பேர் உட்கார்ந்திருக்கும் விமானத்துக்குச் சரிப்படுவது நம் இரண்டாவது கேட்டுக்குச் சரிப்படாதா?

இரவில் நமக்கு இரண்டு செக்யூரிட்டிகள். ஒன்று முதல் ஐந்து மணி வரை இரண்டாவது கேட்டைப் பூட்டிவிடலாம், அந்த நேரத்தில் அதன் வழியே வண்டி வருவதே அபூர்வம். ஒருவர் முதல் கேட்டில், மற்றவர் பம்ப் ரூமுக்குப் பக்கத்து அறையில் முக்கால் மணி நேரம், பிறகு மாற்றிக்கொள்ள வேண்டியது. யார் எப்போது படுத்தார், எப்போது எழுந்தார் என்று நோட்டில் எழுதட்டும். தெரியாமல் தூங்குவதைத் தெரிந்தே தூங்குவதாக மாற்றுகிறோம், அவ்வளவுதான். அந்த அறையில் இப்போது பழைய பெயின்ட் டப்பாவும் போன வருடக் கொலு ஸ்டாண்டும்தான் இருக்கின்றன. கட்டில் என் வீட்டில் ஒன்று சும்மா கிடக்கிறது, நான் தருகிறேன். ஃபேன் யாராவது தாருங்கள். மாற்று ஆள் வராவிட்டால் ஒருவரையே இரண்டு ஷிப்ட் நிறுத்தக் கூடாது என்று ஏஜென்சி ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அடுத்த மாதப் பொதுக்குழுவுக்கு இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். எதிர்த்து ஓட்டுப் போடுகிறவர்கள் போடலாம். ஒரே ஒரு கோரிக்கை, போடும் முன் ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்குக் கீழே வந்து பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

இன்னொன்று, இது பொதுக்குழுவுக்குப் போக வேண்டிய விஷயம் இல்லை. நம் மூன்று பிளாக்கிலும் சேர்த்து, எனக்குத் தெரிந்தே ஆறு வீடுகளில் படுக்கையில் ஒருவர் இருக்கிறார். பக்கவாதம், மறதி நோய், இடுப்பு எலும்பு முறிவு. படுத்திருப்பவரை எல்லாரும் விசாரிக்கிறோம். "சாருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று லிஃப்டில் கேட்கிறோம். பார்த்துக்கொள்கிறவரை யாரும் கேட்பதில்லை. அவர் இரவில் மூன்று தடவை எழுந்து திருப்பிப் படுக்க வைக்கிறார். கோயிலுக்குப் போய் ஒரு வருடம் ஆனவர் இருக்கிறார். தன் பல்வலிக்கு டாக்டரிடம் போக நேரமில்லாமல் கிராம்பு வைத்துக்கொண்டு சமாளிப்பவர் இருக்கிறார். பேர் சொல்லவில்லை, அவர்களுக்குப் பிடிக்காது.

நான் கேட்பது வாரத்துக்கு இரண்டு மணி நேரம். அந்த வீட்டுக்குப் போய் உட்கார வேண்டும். நர்ஸ் வேலை எதுவும் செய்ய வேண்டாம். தூக்குவது, மருந்து கொடுப்பது வேண்டாம். படுத்திருப்பவருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் கொடுக்கலாம், பேப்பர் படித்துக் காட்டலாம், ஏதாவது ஆனால் போன் பண்ணலாம். அந்த இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்கிறவர் வெளியே போகட்டும், அல்லது பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். போனவுடன் "நீங்க போய்ப் படுங்க" என்றால் படுக்க மாட்டார்கள். உங்களுக்குக் காபி போட ஆரம்பிப்பார்கள். அதனால் வீட்டிலேயே காபி குடித்துவிட்டுப் போங்கள். இரண்டாவது வாரமும் படுக்க மாட்டார்கள், உங்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது, நாலாவது வாரம்தான் நம்பிக்கை வந்து கதவைச் சாத்துவார்கள். அதுவரை போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. இடது பக்கம் கிழமையும் நேரமும், வலது பக்கம் உங்கள் பிளாட் எண். பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், போன தடவை மாதிரி காணாமல் போகாது. திங்கள், புதன் சாயங்காலம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. ஞாயிறு காலைக்குத்தான் ஆள் கஷ்டம்.

மூட்டுவலி என்று நம்பி வந்தவர்களை ஏமாற்ற மாட்டேன். டீ குடித்துவிட்டுச் சுவர் ஓரமாக வாருங்கள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைச் சொல்லித்தருகிறேன். கை வைத்த நாற்காலி வேண்டாம், சாதாரண நாற்காலியாக ஆளுக்கு ஒன்று இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.